லாடம் இல்லாத குளம்பு

லாடத்தைக் கழற்றிவிட்டால் வேலை மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் வெறுங்குளம்புக் குதிரைக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும்.

குளம்பு நகத்தைப் போல ஓயாமல் வளர்வது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். மயிர் முடியும் விளிம்பில் புதிதாகத் தோன்றும் பகுதி இறங்கி, முன்நுனியில் தரையைத் தொட 9 முதல் 12 மாதங்கள் ஆகும். நாளெல்லாம் நடந்து மேயும் குதிரை வளர்ந்ததைத் தானே தேய்த்துவிடும். கொட்டிலில் கட்டிக்கிடக்கும் குதிரைக்கு அது முடியாது. லாடம் அடித்த குளம்பு தரையையே தொடுவதில்லை. ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தை எடுத்து, குளம்பை வெட்டி, மறுபடி ஆணி இறக்குகிறார்கள். காலை ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சற்று விரிந்து அதிர்ச்சியைத் தாங்கும்; ஆணி இறங்கிய இரும்பு அந்த விரிவைக் கட்டுப்படுத்துகிறது.

லாடம் அடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த அமெரிக்கர் ஜேமி ஜாக்சன், 1980களில் தம் நாட்டு மேற்குப் பகுதியின் வறண்ட நிலங்களில் திரியும் காட்டுக் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்தார். குட்டையான குளம்பு, உருண்ட விளிம்பு, தடித்த அடிப்பாகம் ஆகியவற்றை அங்கே கண்டு, வளர்ப்புக் குதிரைக்கும் அதே வடிவத்தைக் கொடுக்கும் முறையை வகுத்தார். நிலமே குளம்பை உருவாக்குகிறது என்ற கருத்து அதைவிட மிகப் பழையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனொபோன், குதிரையைத் தேய்த்துவிடும் முற்றத்தில் கூழாங்கல் பரப்பச் சொல்லியிருக்கிறார்.

தமிழர் வாழும் நிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில், போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கூட்டமாகத் திரிகின்றன. முருகைக்கல் நிறைந்த வறண்ட தரை அது. லாடமும் இல்லை, அரமும் இல்லை. கோடையில் தண்ணீருக்கு அலையும் அந்த அலைச்சலே அவற்றின் குளம்பைத் தேய்க்கிறது.

பைராம் தோட்டத்தின் மண் இதற்கு நேர்மாறு. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் தெபாலை அடுத்த கடலோரத் தாழ்நிலம் இது. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சதுப்பு வட்டாரத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்துக் கரும்பு பயிரிட்டார்கள்; அந்த வேலையில் தமிழரின் உழைப்பு பெரும்பங்கு. பின்னர் ரப்பர் வந்தது, செம்பனை வந்தது. களிமண்ணும் ஈரமும் அப்படியே இருக்கின்றன. பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இத்தகைய இடத்தில் தேய்மானத்தைவிடப் பெரிய கவலை ஊறல். ஊறிய குளம்பு மென்மையாகி, அதன் வெளிச்சுவர் ஓரத்தில் பிளக்கும். அடியில், பின்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி ஆப்பு வடிவில் அமைந்த மெத்தைப் பகுதியின் பள்ளங்களில் சேறும் சாணமும் அடைந்து அழுகல் பிடிக்கும். கறுப்புக் கசிவும் மூக்கைத் துளைக்கும் நாற்றமும் அதன் அடையாளம். மயில்துத்தக் கரைசல் உதவும். அளவு மிஞ்சினால் உயிருள்ள சதையையும் அரித்துவிடும். குதிரை நிற்க மேடான, நீர் தங்காத ஓர் இடமும், அதில் பரப்பிய சரளையும் மருந்தைவிட நல்லவை.

குளம்பு திருத்துவது நிதானமான வேலை. முன்காலைத் திருத்துபவர் குதிரையின் வாலைப் பார்த்து நின்று, முழங்காலை மடக்கிக் குளம்பைத் தம் தொடைகளுக்கிடையே பிடித்துக்கொள்கிறார். கொக்கியால் பின்னிருந்து நுனிக்கு அழுக்கை வாரி எடுத்ததும், வளைந்த கத்தியால் சுண்ணாம்புபோல் உதிரும் இறந்த அடிப்பாகத்தை மட்டும் சுரண்டுகிறார். மெழுகுபோன்ற பளபளப்பு தெரிந்த இடத்தில் கத்தி நின்றுவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சீவல் எடுத்தாலும் குதிரை கல்லில் கால் வைக்கத் தயங்கும். மிஞ்சி வளர்ந்த சுவரைக் குறடு கடித்து எடுக்கும், பிறகு அரம். வெளிவிளிம்பைச் சாய்த்து ராவி உருட்டுவதில்தான் இம்முறையின் சிறப்பே இருக்கிறது. கூர்விளிம்பு தரையில் மோதிச் சிதறும், சுவரை உள்ளிருந்து பிரிக்கும். உருண்ட விளிம்பு அப்படிச் செய்யாது. முடிவில் குதிரையைக் கெட்டித் தரையில் நடத்திப் பார்ப்பார்கள். குதிகால் முதலில் பதிந்தால் சரி. நுனி முதலில் பதிந்தால் எங்கோ வலிக்கிறது என்று பொருள். இதையெல்லாம் நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை செய்தாக வேண்டும்.

அரம் பிடிக்கும் கை எவ்வளவு தேர்ந்ததானாலும் தீனி தவறினால் பயனில்லை. கரும்புப்பாகு கலந்த தீவனம், மிகுதியான தானியம், இளம்புல் ஆகியவற்றின் மாவும் சர்க்கரையும் மிஞ்சும்போது, குளம்பின் உள்ளெலும்பைச் சுவரோடு பிணைக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கும். முற்றினால் எலும்பே பிடியிழந்து கீழே சரியும். லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த நோய் வரும்.

லாடத்தை அடியோடு ஒதுக்குவதும் நியாயமாகாது. சில எலும்பு, குளம்பு நோய்களுக்கு லாடமே சிகிச்சை. தார்ச்சாலையில் நாள்முழுதும் வண்டி இழுக்கும் குதிரைக்கும் அது தேவைப்படலாம். அதே சமயம், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தடைதாண்டும் குழுப் போட்டியில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியில் லாடமின்றித் தாண்டிய குதிரைகள் இருந்தன. வெறுங்குளம்பு இலேசான வேலைக்கு மட்டுமே தகும் என்ற பேச்சு இனி எடுபடாது.

1864இல் தொடங்கிய பினாங்குப் பந்தயக் கழகம் 2025 மே 31இல் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. பந்தயக் குதிரைகள் சிறுவயது முதல் லாடத்தில் ஓடியவை. அவற்றின் அடிப்பாகம் பெரும்பாலும் மெல்லியது. பந்தயம் விட்ட குதிரையை வாங்கி வளர்ப்பவர்கள், லாடத்தைக் கழற்றிய மறுவாரமே சாலையில் ஏற்றிவிட வேண்டாம். புதுக் குளம்பு முழுதாக இறங்க ஓராண்டுவரை பொறுங்கள்; அதுவரை கரடான தரைக்கு ரப்பர் காலணி மாட்டி நடத்துங்கள்; குதிரை நொண்டினால் கத்தியை எடுக்குமுன் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.