வராத அந்த ஒருவர்

அப்பா சேர்த்துவைத்த தபால்தலைகளையும் பழைய அஞ்சலட்டைகளையும் வல்லத்து வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விற்கத் தொடங்கினேன். நூறாண்டு கடந்த காசுகளை விற்க 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும், அவற்றைத் தொடவில்லை.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றபோது, இனி வாங்குவோர் பெருகுவர் என்று நம்பினேன். விசாரித்த ஓரிருவரும் செஞ்சித் தபால்தலையையே கேட்டனர். என்னிடமிருந்ததோ 1984இல் வெளியான கோட்டை வரிசை. அந்த நான்கில் வேலூர் உண்டு; செஞ்சி இல்லை. பிறகு இரண்டு மாதம் எவரும் எட்டிப்பார்க்கவில்லை. விலையைப் பாதியாகக் குறைத்தேன். அப்போதும் ஒன்றும் நகரவில்லை. மொத்தத்தையும் எடைக்கு எடுப்பதுபோல் ஒரு வியாபாரி விலை கேட்டார். மகளின் கல்லூரிக் கட்டணம் கண்முன் நின்றது, ஏறக்குறைய இசைந்துவிட்டேன்.

அன்றிரவு கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். அட்டைகளில் விழுந்திருந்த ஊர் முத்திரைகளை நான் எங்குமே குறிப்பிட்டிருக்கவில்லை! ஒவ்வொன்றாக ஊர், ஆண்டு, கறை, கிழிசல் எல்லாம் எழுதிச் சேர்த்தேன். மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து ஒரு பெரியவர், வல்லம் முத்திரையிட்ட அட்டையைப் பழைய விலைக்கே வாங்கிக்கொண்டார். அது அவர் பிறந்த ஊராம்.

அரிசிக்கு ஆயிரம் பேர் வருவர். இதற்கு ஒருவர் போதும். ஆனால், அந்த ஒருவரேதான் வரவேண்டும். கட்டணத்திற்கு அந்தத் தொகை போதவில்லை. எனினும் வியாபாரிக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன்.