புள்ளியா, பள்ளமா?

கள ஆய்வுக்குக் கேமரா வாங்க எண்ணும் கல்வெட்டியல் மாணவர் விளம்பரத்தில் முதலில் தேடுவது மெகாபிக்சல் எண்ணிக்கையை. அடுத்து அவரைக் கவர்வது, ஓடும் மனிதரின் கண்ணைத் தேடிப் பிடித்துக் குவியம் வைக்கும் வசதி. கல் ஓடுவதில்லை, அதற்குக் கண்ணும் இல்லை. ஆகவே, ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவின் சிறப்புகளில் எவை கல்லுக்கு உதவும், எவை கெடுக்கும் என்று தனியே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்குத் தக்க இடம், தொல்காப்பியப் பாயிரம் தமிழின் வட எல்லையாகச் சுட்டும் வேங்கடத்தின் அடிவாரம். குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயில் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. பழமை வாய்ந்த அதன் இலிங்கத்தை உலகம் அறியும். அக்கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளை அறிந்தோர் குறைவு. அங்குள்ள வாணர் கல்வெட்டுகள் ஐந்தை வெங்கய்யா எபிகிராபியா இண்டிகாவில் பதிப்பித்தார். திருச்சானூரை அடுத்த யோகிமல்லவரத்திலும் சோழர் காலத் தமிழ் எழுத்துகள் உள்ளன.

இத்தகைய கல்வெட்டுகளில் மொழியியலாருக்கு உள்ள பெருஞ்சிக்கல் புள்ளி. இடைக்காலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடுவதில்லை. ‘எரி’ என்று வெட்டப்பட்டது எரியா ஏரியா, ‘கொல்’ என்பது கொல்லா நிலம் அளக்கும் கோலா என்பதை இடம் நோக்கியே முடிவு செய்ய வேண்டும். ஆனால் சில கற்களில் சில இடங்களில் புள்ளி உண்டு. அது எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்பது எழுத்து வரலாற்றுக்கும் அதை வெட்டியவரின் பயிற்சிக்கும் சான்று. அச்சுப் பதிப்புகள் பலவும் படிப்போர் வசதிக்காகத் தாமே புள்ளி இட்டு விடுவதால், இந்தச் சான்றைத் தேடுவோர் மீண்டும் கல்லுக்கே போக வேண்டும். கல்லிலோ உளி இட்ட புள்ளியும் மழை அரித்த பள்ளமும் அக்கா தங்கை போல் இருக்கும்.

இந்த இடத்தில்தான் கேமரா பயன்படுகிறது. நேர் எதிரிலிருந்து பாயும் ஃபிளாஷ் நிழலைக் கொன்றுவிடும். நிழல் இல்லையேல் எழுத்து இல்லை. விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், பரப்பை உரசிச் செல்லும் கோணத்தில் பிடிக்க வேண்டும். ஆடி வைத்த பழைய கேமராவின் ஒளியியல் வியூஃபைண்டர் காட்சியைக் காட்டும்; படம் எப்படி வரும் என்பதைக் காட்டாது. ஆடி இல்லாத கேமராவில் சென்சார் காண்பதே கண்ணுக்கு வருகிறது. விளக்கை ஒரு சாண் நகர்த்தினால் எந்த எழுத்து எழுகிறது, எது மறைகிறது என்பதைப் படம் எடுக்கும் முன்பே பெரிதாக்கிப் பார்க்கலாம். கல்வெட்டுக்கு இதனினும் பெரிய வசதி இல்லை.

அடுத்தது நடுக்கத்தடுப்பு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி நிறுத்த முன் அனுமதி வேண்டும். சென்சாரையே அசைத்துக் கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு இருந்தால், 1/15 நொடியிலும் கையில் பிடித்தே தெளிவான படம் பெற இயலும். 36 × 24 மில்லிமீட்டர் சென்சார், சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரைவிடப் பரப்பில் இரண்டு மடங்குக்கும் சற்று மேல். மங்கிய ஒளியில் இரைச்சல் குறைகிறது. மெகாபிக்சல் கணக்கும் எளியது. அகலவாட்டில் 6,000 பிக்சல் உள்ள படத்தில் ஒரு மீட்டர் அகலக் கல்லை அடக்கினால், மில்லிமீட்டருக்கு 6 பிக்சல். 2 மில்லிமீட்டர்ப் புள்ளிக்கு 12 பிக்சல் கிடைக்கும். 24 மெகாபிக்சலே போதும். அரை மீட்டராகப் பகுத்து எடுத்தால் இரட்டிப்பாகும்.

கெடுப்பவையும் உண்டு. முகம் தேடும் குவியம், கல்வெட்டின் மேலே நிற்கும் துவாரபாலகரின் முகத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடும். ஓசையற்ற மின்னணு ஷட்டர், எல்இடி விளக்கின் கீழ் படத்தில் கிடைவரிகளைப் பதிக்கக்கூடும். பெரிய சென்சாரில் குவிய ஆழம் குறைவு என்பதால், அதிட்டானத்தின் உருண்ட குமுதத்தில் ஓடும் வரியில் நடு எழுத்து தெளிந்து, மேலும் கீழும் மங்கும். துளையை எஃப்/8 அல்லது எஃப்/11 அளவுக்குச் சுருக்க வேண்டும். குவியத்தைப் படிப்படியாக மாற்றிப் பல படங்கள் எடுத்து இணைப்பது இன்னொரு வழி.

எல்லாவற்றினும் கொடியது, கேமரா தானே செய்யும் இரைச்சல் நீக்கம். சிறு புள்ளியைக் குறையாகக் கருதி அது வழித்துவிட வல்லது. மனித முகத்தில் அது அழகு. கல்லில் அது சான்றழிப்பு. ஜேபெக் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் ஆய்வாளர், கேமராவின் முடிவையே தம் பாடமாக ஏற்கிறார். ரா கோப்பு இருந்தால் ஐயத்தைப் பின்னர் இன்னொருவர் தீர்க்க வழி உண்டு.

மலைமேல் நிலைமை வேறு. திருமலைக் கோயிலுக்குள் கேமராவுக்கு இடமில்லை. அங்குள்ள நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளை அறிய, தேவஸ்தானம் 1930களில் வெளியிட்ட தொகுதிகளே துணை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றோர் பார்த்துப் படித்ததை நாம் நம்பிப் படிக்கிறோம். வெளியே உள்ள கல்லுக்கும் அந்நிலை வரக்கூடும். திருப்பணியில் மணல் பீய்ச்சியும் சுண்ணாம்பு பூசியும் எழுத்தைத் தொலைத்த கோயில்கள் ஒன்றிரண்டல்ல. அன்று மிஞ்சுவது மைப்படியும் நிழற்படமும்தான்.

ஆகவே நல்ல பதிவு என்பது விலையுயர்ந்த கேமராவின் ஒற்றைப் படம் அன்று. ஒரே கல், நான்கு திசை ஒளி, அளவுகோல், ரா கோப்பு, ஒவ்வொரு படத்திலும் விளக்கு எப்பக்கம் இருந்தது என்ற குறிப்பு, இயன்றால் மைப்படியும். இடமிருந்து வந்த ஒளியிலும் வலமிருந்து வந்த ஒளியிலும் ஒரே வட்ட விளிம்பைக் காட்டி, பக்கத்துக் கோட்டின் ஆழத்தோடு ஒத்து, அடுத்தடுத்த மெய்களின் தலையிலும் வருமாயின், அதைப் புள்ளி என்று துணிந்து சொல்லலாம். இல்லையேல் ஐயக்குறி இட்டு விடுவதே நேர்மை.