மானிப்பாயில் ஒரு மருத்துவ மனை

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து ஆனைக்கோட்டை வழியாக மானிப்பாய்க்குச் செல்வோருட் பலர் மருதடி விநாயகரைத் தரிசிக்கவே செல்வர். நாமும் மாணவர் சிலருடன் அவ்வாறு சென்று வழிபட்டபின், அவ்வூரிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் காணச் சென்றோம். "யார் ஐயா இந்தக் கிறீன்?" என்று மாணவனொருவன் வினாவினான்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே 1822 ஆம் ஆண்டு பிறந்தவர். நம் ஆறுமுகநாவலர் பிறந்ததும் அதே ஆண்டே! அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மறு ஆண்டே மானிப்பாயில் நம் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியங் கற்பிக்கலானார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது அதற்கு 22 ஆண்டுகளின் பின்னரேயாம்.

அயலவன் யாரென வினாவியவனுக்குக் கிறிஸ்துநாதர் நல்ல சமாரியன் கதையைக் கூறினார். கள்வர் கையிற் பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைச் சொந்த இனத்தார் கண்டும் விலகிச் சென்றனர். பகைத்த இனத்தானொருவனே காயங்களைக் கட்டிச் சத்திரத்திற் சேர்த்து, அவன் செலவையும் ஏற்றுக்கொண்டான். கிறீன் இக்கதையைத் தம் தொழிலாகவே கொண்டவர். தம் சமயத்தைப் பரப்பும் நோக்கம் அவருக்கு இருந்தது. அதனை அவர் ஒளிக்கவுமில்லை. சைவர்களாகிய நாம் அந்நோக்கத்தை ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும் அவர் செய்தவற்றை நடுநின்று நோக்குதல் தகும்.

ஆங்கிலத்தில் வைத்தியங் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிச் சென்றுவிடுவர், கிராமத்து நோயாளர் முன்போலவே கைவிடப்படுவர் என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். நூல்கள் இல்லையே! தாமே தமிழ் பயின்று, மாணாக்கர் துணையுடன் மொழிபெயர்த்தார். இரணவைத்தியம் 1867 இலும் கெமிஸ்தம் 1875 இலும் வெளிவந்தன. அவர் முயற்சியால் உருவான பக்கங்கள் 4,000 இற்கு மேற்படும். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் தேடி உழைத்த அப்பாட்டை, கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் நன்கு அறிவர். மாணாக்கர் காற்சட்டை அணிந்து துரைமார்போல் நடப்பதையும் அவர் விரும்பினாரல்லர். தம் மக்களின் உடையோடும் நடையோடும் அம்மக்களிடையே வாழ்தல் வேண்டுமென்றார்.

கொடுப்பவன் கையை எதிர்பார்த்தே வாங்குபவன் என்றும் நிற்கும்படி செய்யும் ஈகையும் உலகில் உண்டு. கிறீன் செய்ததோ வேறு. தாம் இல்லாதபோதும் கிராமத்தில் ஒரு வைத்தியர் இருக்கவேண்டுமென உழைத்தார். அவரிடம் பயின்றோர் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர்.

உடல் நலங் குன்றி 1873 இல் தாயகம் திரும்பிய பின்னும் அவர் ஓய்ந்தாரல்லர். அங்கிருந்தவாறே தமிழ் நூல்களைத் தொடர்ந்து ஆக்கினார். மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது; அடுத்த ஆண்டு அவர் காலமானார். வூஸ்டர் நகரிலுள்ள அவர் கல்லறையில், அவர் விருப்பப்படியே, தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்னுங் கருத்துப்படப் பொறித்திருக்கின்றனர். அந்நகரத்தாருள் எத்தனை பேருக்கு மானிப்பாய் எத்திசையில் உள்ளதென்று தெரியுமோ!