பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

முன் சக்கரம் இரண்டுக்கும் புது டயர் போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது கண்ணில் பட்டது. பின் டயரில் 185/65 ஆர்15. முன் டயரில் 185/60 ஆர்15.

நேராகக் கடைக்குப் போனேன்.

"ஒண்ணும் ஆகாது சார், ரிம்முல கச்சிதமா உக்காந்துருக்குல்ல?" என்றார் கடைக்காரர்.

உட்காரும்தான். 15 என்பது ரிம்மின் அங்குலக் கணக்கு, அது மாறவில்லை. 65 என்பது டயரின் அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது. அது 60 ஆனால் மொத்த விட்டம் சுமார் 18 மில்லிமீட்டர் குறையும். வண்டியின் மூக்கு 9 மில்லிமீட்டர் இறங்கும். நம்ம ஊர் வேகத்தடைக்கு அது போதாதா? அதைவிட முக்கியம் சுமை எண். பழைய டயரில் 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். புதியதில் 84, 500 கிலோதான்.

"நாலு நாள் ஓட்டிட்டீங்களே சார், எப்படித் திரும்ப எடுக்குறது?"

பில்லை எடுத்து மேசையில் வைத்தேன். 185/65 என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். அதற்கப்புறம் பேச்சில்லை. சாயங்காலத்துக்குள் டயர் மாறியது. அலைன்மென்ட், பேலன்சிங்குக்கும் காசு வாங்கவில்லை.

தப்பில் எனக்கும் பங்குண்டு. அன்றைக்கு டயர் மாட்டும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் டயர் அளவு போட்ட ஸ்டிக்கர் இருக்கும். இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுவதற்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள்.