தாம்பரம் டு செங்கல்பட்டு: மனைகளுக்கு அடியில் புதைந்திருக்கும் அடிமைக் கதை!

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்தால், வழியெங்கும் கண்ணில் படுவது மனை விளம்பரங்கள்தான். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என ஒவ்வொரு ஸ்டேஷனைத் தாண்டும்போதும் அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு காலத்தில் இதெல்லாம் ஏரிப்பாசன நெல் வயல். அந்த வயல்களுக்கு உரிமையாளர்கள் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள்!

நிலத்தோடு கைமாறிய மனிதர்கள்

அடிமைப் பண்ணை என்றதும் அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால், பழைய செங்கல்பட்டு ஜில்லாவிலும் அப்படியொரு வாழ்க்கை இருந்தது. நிலம் மிராசுதார்களிடம். அவர்களில் பெரும்பாலோர் வேளாளர்களும் பிராமணர்களும். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதவர்களில் பெரும்பாலோர் பறையர் சமூகத்தினர். படியளந்து கூலி கொடுத்ததால் ‘படியாள்’ என்று பெயர். நிலம் கைமாறும்போது ஆட்களும் சேர்ந்தே கைமாறிய காலம் அது. மனிதர்களை விற்க ஓலை எழுதும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது.

1843-ம் ஆண்டின் 5-வது சட்டம், அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரத்தை நீக்கியது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது 1865-ல்தான். ஆனாலும், இங்கே ஏட்டில் கிடைத்த விடுதலை வயலுக்கு வந்து சேரவில்லை. காரணம், சேரியில் குடிசை நின்ற இடம்கூட மிராசுதாருக்கே சொந்தம். எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். சரி, தரிசு நிலத்தையாவது கேட்கலாம் என்றால், அதிலும் மிராசுதாருக்கே முன்னுரிமை!

ஒரு கலெக்டரின் அறிக்கை

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மெல்ரோசாபுரம் என்றொரு ஊர் இருக்கிறது. செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து பாதிரியார் ஆடம் ஆண்ட்ருவின் முயற்சியில் உருவான குடியிருப்பு அது. சேரி மக்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசிடம் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், இந்த மக்களின் நிலை பற்றி விரிவான அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். குடியிருக்க மனை, உழுவதற்கு நிலம், படிக்கப் பள்ளி... இவை இல்லாமல் விடுதலை இல்லை என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஆண்டே, 1892 செப்டம்பர் 30-ல் வெளியானது அரசாணை எண் 1010. ‘பஞ்சமி நிலம்’ பிறந்த கதை இதுதான். இந்த நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

ஆனால், கடனுக்கும் மிரட்டலுக்கும் ஏமாற்றுக்கும் ஏராளமான பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போயின. மாமல்லபுரம் அருகே உள்ள காரணை கிராம மக்கள் அதை மீட்கப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

கடைசி ஸ்டேஷன்

அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி என்ற பழைய பண்ணை, 2014 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. முதலாளியின் மாளிகையைவிட, அங்கே உழைத்த அடிமைகளின் கதைக்குத்தான் அதில் முதலிடம். தாம்பரத்துக்குத் தெற்கே இந்த ரயில் பாதையில் பயணம் செய்பவர்களுக்கு அப்படி எதுவும் கண்ணில் படாது. இங்கே கதையைச் சொல்வது வருவாய்த்துறை ஆவணங்கள்தான்.

புறநகரில் மனை வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிடாமல், கிராம ‘அ’ பதிவேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அது பஞ்சமி நிலமாக இருந்தால், அரசு எப்போது வேண்டுமானாலும் அதை மீட்கலாம் என்பதால் மட்டுமல்ல... விடுதலைக்கு அடையாளமாக ஒரு குடும்பத்தின் கைக்கு வந்த முதல் காணி நிலமாகவும் அது இருக்கலாம்!

ரயில் பரனூரைத் தாண்டியதும் கொளவாய் ஏரி விரிகிறது. அடுத்தது செங்கல்பட்டு.