காவலாளியின் கடமை

பழைய அட்டைப்பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன் முன்பக்கத்தை வெட்டியகற்றி, உள்ளே தட்டுக்கள் அமைத்துச் சிறுவர்கள் மாடிவீடு கட்டி விளையாடுவதைப் பலரும் கண்டிருப்பர். எந்த அறையில் எந்தப் பொம்மை நிற்கிறது என்பது முன்னே இருப்பவருக்கு ஒரே பார்வையிற் புலனாகும்; பொம்மைகளுக்கோ அடுத்த அறையில் நடப்பது தெரியாது. நாம் அண்மையில் விளையாடி முடித்த கணினி விளையாட்டொன்று இத்தகைய பெட்டிவீட்டையே எமக்கு நினைவூட்டிற்று. 'கன்பொயின்ட்' என்பது அதன் பெயர். ஒருவனைத் துவக்குமுனையில் நிறுத்துதல் என்பது அதன் பொருள். பெயரைக் கேட்டுப் பெற்றோர் வெருள வேண்டியதில்லை. துவக்குக்கு இவ்விளையாட்டில் உள்ள வேலை சிறிது. மின்கம்பிக்கு உள்ள வேலையே பெரிது.

2013ஆம் ஆண்டு யூன் மாதம் வெளிவந்த இதனை ஆக்கியவர் ரொம் பிரான்சிஸ் என்னும் ஆங்கிலேயர். 'பீசீ கேமர்' என்ற சஞ்சிகையில் பிறர் செய்த விளையாட்டுக்களுக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். 'ஸ்பெலங்கி' என்னும் விளையாட்டை ஒருவரே தனித்திருந்து, நிரலெழுத்திற் பெரும் பயிற்சி வேண்டாத 'கேம் மேக்கர்' என்ற கருவியைக் கொண்டு ஆக்கினார் என்று அறிந்ததும், தாமும் முயன்று பார்ப்போமே என்று தொடங்கினார். ஓய்வு நேரங்களிற் செய்த வேலை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீண்டது. சித்திரத்துக்கும் இசைக்கும் வேறு கலைஞர் கைகொடுத்தனர். தம் கையிலிருந்து போனது அக்கருவியின் விலையாகிய 30 டொலர் மட்டுமே என்று அவர் எழுதியிருக்கிறார். பிறர் கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லி வந்தவர் தாமே அடுப்படிக்குட் புகுந்தால் என்ன நேரும் என்பது எழுத்துலகமும் நன்கறிந்த வேடிக்கை. இங்கே கறி வாய்த்துவிட்டது. விற்பனை கைகொடுக்கவே, அவர் சஞ்சிகை வேலையை விட்டு விளையாட்டு ஆக்குவதையே தொழிலாகக் கொண்டார்.

கதாநாயகன் ரிச்சட் கொன்வே கூலிக்கு உளவு பார்ப்பவன். தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்து, இருண்ட இரவிலே மாடிக் கட்டிடங்களுக்குட் புகுந்து, அங்குள்ள கணினியிலிருந்து வேண்டிய தகவலைக் கவர்ந்துகொண்டு வெளியேறுவது அவன் தொழில். 1940களில் அமெரிக்கர் எடுத்த கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களைப் பார்த்தவர்களுக்கு இத்தோற்றமும், பின்னே ஒலிக்கும் ஜாஸ் இசையும் பழக்கமானவை. அவன் அணிந்திருக்கும் காற்சட்டை மட்டும் அப்படங்களில் இல்லாதது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று தவளைபோற் பாய்ந்தால், மேல்மாடி யன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழலாம். எவ்வளவு உயரத்திலிருந்து வீழ்ந்தாலும் எலும்பு முறியாது. ஆயினும் ஒரு குண்டு பட்டால் ஆள் முடிந்தான். காவலாளிகளோ கண்டவுடன் சுடுபவர்கள். ஆகவே கண்ணிற் படாமற் செல்வதே அவனுக்குள்ள வழி.

இனி, கம்பியின் கதைக்கு வருவோம். சுட்டியின் சில்லைச் சற்று உருட்டினால் கட்டிடத்தின் தோற்றம் மாறி, சுவர்களுக்குள் மறைந்தோடும் மின்னிணைப்புக்கள் நிறக்கோடுகளாகத் தெரிகின்றன. இந்த ஆளி இந்த விளக்குக்கு உரியது, அந்தக் கமரா அந்த அபாய மணிக்கு உரியது என்று எல்லாம் வெளிச்சமாகிவிடும். கொன்வேயிடம் உள்ள கருவி, இவ்விணைப்புக்களைக் கழற்றி விரும்பியவாறு பூட்ட வல்லது. விளக்கின் ஆளியைக் கதவொன்றுடன் தொடுத்துவிட்டால், பின்பு அவ்வாளியை அழுத்துபவன் விளக்கை ஏற்றமாட்டான்; கதவைத் திறப்பான். திருடனைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கமராவைப் பூட்டிய கதவுடன் தொடுத்துவிட்டு, அதன் முன்னே நெஞ்சை நிமிர்த்தி நின்றால், அது எம்மைக் கண்டு கதவைத் திறந்து வரவேற்கும்! இதைக் கண்டபோது நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். ஒரே நிறமுடைய சுற்றில் உள்ளவற்றையே ஒன்றோடொன்று தொடுக்கலாம் என்பது விதி. சிவப்புச் சுற்று முதலிலேயே எம் வசமிருக்கும். ஏனைய நிறங்கள் வேண்டுமாயின் கட்டிடத்தினுள் எங்கோ இருக்கும் சுற்றுப்பெட்டியை அடைய வேண்டும். அப்பெட்டி எளிதில் எட்டும் இடத்தில் இராது என்பதைச் சொல்ல வேண்டுமா? மின்கலத்தையும் குமிழையும் ஆளியையும் கொப்பியில் வரைந்து, பரீட்சைக்கென்று மனனஞ் செய்யும் மாணவர், அப்படங்களுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று அறிந்தால் விஞ்ஞான ஆசிரியர் மகிழ்ச்சியடையக்கூடும். ஆசிரியரின் வீட்டுக் கமராவுக்கு என்ன நேரும் என்பது வேறு விஷயம்.

புதிரின் உயிர்நாடி மின்சாரத்திலன்று, காவலாளியின் இயல்பிலேயே இருக்கிறது என்பது எமக்குச் சில கட்டிடங்களைக் கடந்த பின்னரே விளங்கிற்று. காவலாளி எளிய மனிதன். விளக்கு அணைந்தால் ஆளியைத் தேடிச் சென்று மீண்டும் ஏற்றுவான். சத்தங் கேட்டால் என்னவென்று பார்க்க வருவான். இவ்வளவே அவன் அறிந்தது. ஆனால் இவ்வளவையும் தவறாமற் செய்வான். நாமோ அவன் நிற்கும் அறையின் விளக்கை வேறொரு மாடியில் நின்று அணைக்கிறோம். அவன் அழுத்தப் போகும் ஆளியை, எமக்கு வேண்டிய கதவுடன் முன்னரே தொடுத்து வைத்திருக்கிறோம். சில கதவுகள் காவலாளி கை வைத்தாலன்றித் திறவா. அவற்றையும் இவ்வாறே, அவன் தன் வேலையைப் பார்க்கும்போது எமக்காகவும் திறக்கும்படி செய்யலாம். கதவொன்றின் அருகில் அவன் நிற்கும் வேளை பார்த்து அதைத் திறந்தாற் கதவே அவனை அடித்து வீழ்த்தும். இவற்றையெல்லாம் தனித்தனியே கற்றபின், மூன்று நான்கை ஒரு தொடராகக் கோத்து, முதலாவது ஆளியைத் தட்டிவிட்டு விலகி நின்று பார்ப்பதில் உள்ள இன்பம் சொல்லுந் தரமன்று. வரிசையாக அடுக்கிய சீட்டுக்களில் முதற் சீட்டைத் தட்டிவிடும் சிறுவனின் இன்பம் அது.

ஒளிந்து செல்லும் விளையாட்டுக்கள் கணினிக்குப் புதியனவல்ல. 1981இல் சைலஸ் வோர்ணர் என்பவர் அப்பிள் இரண்டு கணினிக்கென ஆக்கிய 'காசில் வுல்பென்ஸ்டைன்' என்பதில், ஜெர்மன் கோட்டையிலிருந்து தப்பும் கைதி, எதிரியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு காவலாளிகளை ஏமாற்றலாம். 1987இல் யப்பானியரான ஹிடியோ கொஜிமா 'மெற்றல் கியர்' என்பதை ஆக்கிய கதை இன்னும் சுவையானது. அக்காலத்து எம்.எஸ்.எக்ஸ். கணினியால் ஒரே வேளையில் பல எதிரிகளைத் திரையில் நடமாட விட இயலாது. படையோடு போர் செய்ய இயலாவிட்டால், படைக்கு ஒளிந்து செல்வதையே விளையாட்டாக்குவோம் என்று அவர் எண்ணினார். பொறியின் வறுமை ஒரு கலைவகைக்கு வித்திட்டது என்று இதைக் கூறலாம்.

இவ்வரலாற்றை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 'கன்பொயின்ட்' 2013இல் வந்ததாயினும், அதன் உருவங்கள் அப்பழைய நாட்களில் இருந்தவை போலச் சிறு சிறு சதுரப் புள்ளிகளால் ஆனவை. முகத்திற் கண்ணும் மூக்கும் தெரியா. பழமையை விரும்புவோரை மயக்குவதற்கு மட்டும் இப்படிச் செய்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. கட்டிடம் முழுவதையும் ஒரே பார்வையிற் கண்டு திட்டமிட வேண்டிய விளையாட்டில், உருவங்கள் சிறியனவாயும் எளியனவாயும் இருத்தல் அவசியம். சதுரங்கக் காய்க்கு மீசை வரைந்தால் ஆட்டம் சிறக்குமா? ஆனால், காய்க்கு முகமில்லாதபடியால் அதை வெட்டுவதும் எளிதாகிவிடுகிறது என்பதை நாம் மறந்திருந்தோமாயினும், எம்முடன் இருந்த ஒருவன் மறக்கவில்லை.

அவன் எம் மருமகன், பன்னிரண்டு வயது. விடுமுறைக்கு வந்திருந்தவன், ஒரு மாலை எம் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாம் மேல்மாடி விளக்கை அணைத்தோம். காவலாளி ஆளியை நோக்கிச் சென்று அதை அழுத்தினான். கதவு படீரெனத் திறந்து இன்னொரு காவலாளியை வீழ்த்தியது. அந்தச் சந்தடியில் கொன்வே கீழிருந்து பாய்ந்து முதலாமவனை நிலத்தோடு அழுத்தினான். திட்டம் எள்ளளவும் பிசகவில்லை. மருமகன் கைதட்டுவான் என்று எதிர்பார்த்தோம்.

"பாவம் மாமா, அவன் லைற் போடத்தானே போனவன்?" என்றான்.

அவன் கேட்டது சாதாரண கேள்வியன்று. இவ்விளையாட்டில் வீழ்பவன் எவன்? சோம்பேறியான காவலாளி ஒருவன் இருந்து, இருட்டானால் இருக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பானாகில் எம் தந்திரம் ஒன்றும் பலிக்காது. கடமையை ஒழுங்காகச் செய்பவனையே அக்கடமையைக் கொண்டு வீழ்த்துகிறோம். அவன் பெயரும் எமக்குத் தெரியாது. எவருக்கும் தீங்கு செய்தான் என்றும் கதை கூறவில்லை. மேலும், கீழே அழுத்தப்பட்டவனை ஒரு குத்தில் மயங்கச் செய்யலாம். அத்தோடு கை நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கொன்வே குத்துவான். விளையாட்டு தடுப்பதுமில்லை, வைவதுமில்லை. வேலை முடிந்தபின் எடுத்த நேரம், எழுப்பிய சத்தம், செய்த வன்முறை, கண்ட சாட்சிகள் என்று கணக்கை மட்டும் எழுதிக் காட்டுகிறது. ஒன்றும் பேசாமல் எழுதப்படும் அக்கணக்கு, நீண்ட உபதேசத்தைவிட எமக்கு உறைத்தது.

மருமகன் சொல்லியபின் அதே கட்டிடத்தை ஒருவரையும் தொடாமற் கடப்பது என்று இருவரும் உட்கார்ந்தோம். முன்பு ஐந்து நிமிடத்தில் முடிந்த காரியம் அன்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. விளக்கை அணைத்து அவனை ஒரு புறம் அனுப்பிவிட்டு மறுபுறத்தால் நழுவினால், திரும்பி வரும்போது அவன் வழியில் நிற்கிறான். கதவைத் திறக்கச் செய்தால் அது அவன் முகத்தில் அடிக்கும். ஈற்றில் மருமகனே, அவன் ஏற்றப் போகும் விளக்கை வேறோர் ஆளிக்கு மாற்றி, அவனை இரண்டு ஆளிகளுக்கிடையே நடந்து திரியும்படி செய்தான். அந்த ஏழை அன்றிரவு முழுவதும் விளக்கேற்ற நடந்திருப்பான். ஆனாற் காயமின்றி வீடு போயிருப்பான். முன்னைய வெற்றியிலும் இது சுவையான வெற்றி என்று சொன்னால் அது புண்ணியத்துக்காகச் சொல்வதன்று. புதிர் என்ற அளவிலேயே இது கடினமானது, ஆகவே மேலானது.

இத்தகைய சோதனைகளுக்கு விளையாட்டின் இன்னோர் ஏற்பாடு துணை நிற்கிறது. குண்டு பட்டு இறந்தவுடன், சில வினாடிகளுக்கு முன்னரா, இன்னுஞ் சற்று முன்னரா, எங்கிருந்து மீண்டும் தொடங்க விரும்புகிறாய் என்று அது கேட்கும். முழுவதையும் முதலிலிருந்து செய்யும் தண்டனை இல்லை. இதனாற் பதற்றம் குறைகிறது என்று குறை கூறுவோர் உண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. புதிரை அவிழ்ப்பவனுக்கு வேண்டியது பயமன்று, கரிக்கோலின் பின்னாலுள்ள அழிறப்பரே.

குறைகள் உண்டு. ஆயுத வியாபாரஞ் செய்யும் நிறுவனங்களின் போட்டி, அங்கு பணிபுரிந்த பெண் ஒருத்தியின் கொலை, அதில் கொன்வே மீதே விழும் சந்தேகம் என்று கதை ஆரம்பத்தில் விறுவிறுப்பாக ஓடினாலும், இடையில் யார் யாருக்காக வேலை செய்கிறார் என்பது குழம்பிவிடுகிறது. நாம் ஒரு கட்டத்தில் பெயர்களைக் கடுதாசியில் எழுதி வைத்தோம். கருவிகளும் நிறச்சுற்றுக்களும் பெருகி, இனித்தான் மூளைக்கு வேலை என்று நிமிர்ந்து உட்காரும் வேளையில் விளையாட்டு முடிந்துவிடுகிறது. சில மணித்தியாலங்களுக்கு மேல் வராது. விருந்தில் பாயசம் வருமுன் இலையை எடுத்தாற்போல இருந்தது எமக்கு. பிரான்சிஸ் பின்னர் 2017இல் 'ஹீற் சிக்னேச்சர்' என்பதையும், 2024இல் 'ரக்ரிக்கல் பிரீச் விசாட்ஸ்' என்பதையும் வெளியிட்டார். மூன்றிலும் ஆட்களை யன்னலால் வெளியே எறியலாம் என்பது அவருடைய இரசிகர்களுக்கிடையே ஒரு பகிடி.

மற்றொன்று மொழி. கொன்வேயும் அவனை வேலைக்கமர்த்துவோரும் எழுத்து மூலமே உரையாடுகின்றனர். எந்த மறுமொழியைச் சொல்வது என்று நாமே தெரிவு செய்யலாம். நகைச்சுவை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அது ஆங்கில நகைச்சுவை. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பது போன்றது. எம் மருமகனுக்குக் கம்பிகள் உடனே விளங்கின, பகிடிகள் விளங்கவில்லை. அவற்றைத் தமிழிற் சொல்லிக் கொடுக்க முயன்றோம். பத்தில் நான்கைச் சிரிக்கக்கூடியதாகச் சொல்ல முடிந்தது. மிகுதி ஆறுக்கும் அவன், "சரி மாமா, அந்த மஞ்சள் கம்பியைப் பிடியுங்கோ" என்றான்.