கணினிக்குப் புரியாத நம் பெயர்கள்

பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தாலும் இப்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்விதான் வருகிறது. "ஏன்மா, நீ கம்ப்யூட்டர் வேலையிலதானே இருக்கே? பையன் எஸ்பிஎம் முடிச்சிட்டான். எல்லாரும் ஏஐ படிக்கச் சொல்றாங்க. படிச்சா வேலை கிடைக்குமா?"

கோலாலம்பூரில் தரவுத் துறையில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கிடைக்கும் என்றோ கிடைக்காது என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்தத் துறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பிள்ளையை அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பிரம்மாண்டம். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளா கோலாலம்பூருக்கு வந்து, மலேசியாவில் 220 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தார். அதே மாதத்தில் கூகுள் 200 கோடி டாலர் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் தேசிய செயற்கை நுண்ணறிவு அலுவலகத்தைத் தொடங்கியது. கூகுளின் தரவு மையம் வரும் இடம் சிலாங்கூரின் எல்மினா. நம் பெரியவர்களுக்கு அது எல்மினா தோட்டம்.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, ஆயிரக்கணக்கில் வேலை காத்திருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தரவு மையம் என்பது வரிசை வரிசையாகக் கணினிகள் ஓடும் கட்டடம். மின்சாரமும் குளிரூட்டலும் நிறைய வேண்டும். ஆனால் கட்டி முடித்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ள அதிக ஆட்கள் தேவைப்படுவதில்லை. வேலை இருப்பது வேறு இடத்தில். வங்கி, காப்பீடு, தொலைபேசி, மருத்துவமனை என ஒவ்வொரு நிறுவனத்திடமும் மலைபோல் தரவு குவிந்து கிடக்கிறது. அதில் பாதிக்கு மேல் குப்பையாக இருக்கும். அதைச் சுத்தம் செய்வதில்தான் என்னைப் போன்றவர்களின் பெரும்பாலான நாட்கள் கழிகின்றன. அட்டையில் ‘டேட்டா சயன்டிஸ்ட்’ என்று போட்டிருந்தாலும் கையில் இருப்பது துடைப்பம்தான்.

இந்தச் சுத்தம் செய்யும் வேலையில்தான் நம் சமூகத்துக்கு ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அது நம் பெயர்.

நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் மேற்கு நாடுகளில் எழுதப்பட்டவை. ஒரு மனிதருக்கு முதற்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என்று அவை எடுத்துக்கொள்ளும். நமக்கு இருப்பதோ நம் பெயரும் அப்பாவின் பெயரும். நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி. திருமணமானாலும் அடையாள அட்டையில் என் பெயருக்குப் பின்னால் இருப்பது என் அப்பாவின் பெயர்தான். என் கணவரின் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பா. எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் என் கணவர். ஒரே வீட்டில் நான்கு பேர், மூன்று ‘குடும்பப் பெயர்’கள். குடும்பப் பெயரை வைத்துக் குடும்பங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு நானும் என் கணவரும் அந்நியர்கள்.

அந்தச் சாய்கோடு வேறு. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும். உலக விதிப்படி அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், ‘<’ என்ற நிரப்புக் குறி ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. சாய்கோட்டுக்கு அங்கே இடமே கிடையாது. விமான டிக்கெட்டில் ‘ஏ’யும் ‘எல்’லும் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஏதோ புதுப் பெயர் போல வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதைவிடச் சிக்கலானது எழுத்துக்கூட்டல். நம் தாத்தா பாட்டிகளின் பெயர்களை முதலில் ஏட்டில் ஏற்றியவர் தோட்டத்துக் கிராணி. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட, சம்பளம் போட, அவர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டார். மலேசிய இந்தியர்களின் முதல் தரவுத்தளம் என்று அந்தச் செக்ரோல் புத்தகத்தைச் சொல்லலாம். தமிழில் ‘க’ ஒன்றுதான். கோபால் என்ற பெயரை ஒரு கிராணி ‘ஜி’யில் தொடங்கினார், அடுத்த தோட்டத்துக் கிராணி ‘கே’யில் தொடங்கினார். துரை சிலருக்கு ‘டி’, சிலருக்கு ‘டிஎச்’. பிறகு பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் அதுவே நிலைத்துவிட்டது.

பெயர் ஒப்பிடும் மென்பொருள் இங்கேதான் தடுமாறும். சவுண்டெக்ஸ் என்ற ஒரு முறை உண்டு. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இன்றும் பல தரவுத்தள மென்பொருள்களில் இருக்கிறது. அது பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். உயிரெழுத்துகளை விட்டுவிடும். ஒலி ஒத்த மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுக்கும். ‘கே’, ‘ஜி’ இரண்டுக்கும் ஒரே எண், ‘டி’ வகைகளுக்கு ஒரே எண். ஆகவே இந்த வேறுபாடு பெயரின் நடுவில் வந்தால் பிரச்சினை இல்லை. முதல் எழுத்தில் வந்தால் இரண்டு கோபால்களும் இரண்டு வேறு ஆட்கள்.

என் பாட்டி கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அடையாள அட்டையில் அவர் பெயர் தோட்டத்து வழக்கப்படி லெட்சுமி. பட்டணத்தில் சேமிப்புக் கணக்குத் திறந்தபோது அங்கிருந்தவர் அதை லக்ஷ்மி என்று ‘திருத்தி’ எழுதிக்கொண்டார். பல வருடம் கழித்து இரண்டையும் சவுண்டெக்ஸில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு எல்325, மற்றொன்றுக்கு எல்250. பாட்டி இறந்த பிறகு அந்தப் பணத்தை எடுக்க என் அம்மா சத்தியப் பிரமாணக் கடிதத்தோடு மாதக்கணக்கில் அலைந்தார். முகப்பில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "சிஸ்டத்துல பேரு ஒத்து வரலம்மா" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் கிடைத்த பதில். மழையிலும் வெயிலிலும் வெட்டிச் சேர்த்த காசு அது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வாடிக்கையாளர் பட்டியலில் இரண்டு முறை வந்த பெயர்களை நீக்கும் வேலை வந்தது. சாய்கோட்டையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் வெட்டிவிட்டால் சுத்தமாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது வெறும் இரைச்சல். வெட்டினால் எத்தனை குமார்கள் ஒரே குமார் ஆவார்கள் என்று பட்டியல் எடுத்துத் திரையில் காட்டினேன். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நம் பெயர்களுக்கென்று தனி விதிகள் எழுதினோம். அந்த அறையில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அன்றைக்கு நான் விடுப்பில் இருந்திருந்தால்?

ஏஐ வந்த பிறகு இது சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். புதிய முறைகள் சவுண்டெக்ஸைவிடப் பல மடங்கு திறமையானவை, சந்தேகமில்லை. ஆனால் அவையும் எங்கிருந்தோ கற்றாக வேண்டும். இந்த இரண்டும் ஒரே பெயர், இந்த இரண்டும் வேறு என்று மனிதர்கள் குறித்துக் கொடுத்த எடுத்துக்காட்டுகளிலிருந்து பல மென்பொருள்கள் கற்கின்றன. குறிப்பவருக்கு லெட்சுமியும் லக்ஷ்மியும் ஒன்று என்று தெரியாவிட்டால் இயந்திரத்துக்கும் தெரியாது. முன்பு கிராணி தப்பாக எழுதினால் அந்தத் தோட்டத்தோடு போயிற்று. இப்போது ஒரு மென்பொருள் தப்பாகக் கற்றால் அதை வாங்கும் எல்லா நிறுவனங்களிலும் அதே தப்பு நடக்கும்.

தரவிலேயே இல்லாதவர்கள் கதை இன்னும் கொடுமை. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய 2011இல் மைடஃப்தார் என்ற இயக்கத்தை அரசாங்கம் நடத்த வேண்டியிருந்தது. 2001இலேயே சில்லு பொருத்திய மைகார்டு அட்டையை வெளியிட்ட நாடு நம்முடையது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஏட்டில் பெயர் ஏறாதவர்கள் நம்மிடையே இருந்தார்கள். எத்தனை பெரிய ஏஐயாக இருந்தாலும் ஏட்டில் இல்லாத ஆளை அதற்குத் தெரியப் போவதில்லை.

மனம் தளர வேண்டியதில்லை. நம் கையில் நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலை உருவாக்கியவர் மலேசியரான முத்து நெடுமாறன். 1980களில் தொடங்கிய வேலை அது. 2005இல் கைப்பேசிக்குச் செல்லினம் வந்தது. தமிழும் தெரிந்து கணினியும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து செய்ததால்தான் அது நடந்தது.

எனவே பிள்ளைகள் இந்தத் துறைக்கு வரட்டும். ஆனால் மூன்று மாத வகுப்பு, கையில் ஒரு சான்றிதழ், ஐந்தாயிரம் ரிங்கிட் சம்பளம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். புள்ளியியலை ஒழுங்காகப் படிக்கட்டும். தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியைக் கற்கட்டும். எளிய நிரல்களை இப்போது ஏஐயே எழுதித் தருகிறது. புதிதாக வருபவர்களுக்கு முன்பு கொடுத்த சின்ன வேலைகள் அதனால் குறைகின்றன. அது தரும் பதில் சரியா என்று சோதிக்கத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு இருக்கிறது. சோதிக்க, தரவு எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, யார் விடுபட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். தோட்டக் கதைகளைக் கேட்டு வளர்ந்த, தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் இயல்பாகவே வரும். அதைப் பின்தங்கிய பின்னணி என்று நினைத்து மறைக்க வேண்டாம். நேர்முகத் தேர்விலேயே சொல்லலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஒதுக்குங்கள். அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா ஆகியோரின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், காப்பீடு, இபிஎஃப் கணக்கு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் குறித்து வையுங்கள். இபிஎஃப் வாரிசு நியமனம் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பெயருக்கு உரியவரே நேரில் போய் "இது நான்தான்" என்று சொல்ல முடிகிற காலத்தில் திருத்துவது எளிது.